வில்பத்துக் காட்டுக்குள் குடும்பமாகத் தங்க: அறைக்கு முன்னம் ஆட்கணக்கு

வெளிநாட்டிலிருந்து வந்து, ஊரில் உள்ள சொந்தங்களோடு வில்பத்துக் காட்டுப் பங்களாவில் தங்கப் போகிறீர்களா? பங்களாப் படங்களைப் பார்க்க முதல் ஒரு கொப்பித் தாளை எடுத்து, வரப்போகிறவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விபரம் வேண்டும்: கையில் உள்ள அடையாளப் பத்திரம் எந்த நாட்டுடையது, அதில் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது, வயது என்ன. வில்பத்துப் பயணம் குழம்புகிற இடம் இந்தத் தாள்தான். மற்றதெல்லாம் காசாலும் பொறுமையாலும் சரிக்கட்டக் கூடியவை.

வில்பத்து இலங்கையின் மிகப் பெரிய தேசிய பூங்கா. ஏறத்தாழ 1,317 சதுர கிலோமீற்றர். புத்தளத்துக்கும் அனுராதபுரத்துக்கும் மன்னாருக்கும் நடுவே விரிந்து கிடக்கிறது. 1938இல் தேசிய பூங்காவானது. யுத்தம் காரணமாக 1988 முதல் 2003 வரை பூட்டிக் கிடந்தது. திறந்து மூன்று வருடத்தில் மறுபடி பூட்டி, 2010இல் திரும்பத் திறந்தார்கள். எண்பதுகளில் நாட்டைவிட்டு வெளிக்கிட்ட பலர் இதற்குள் கால் வைத்ததே இல்லை. எங்கட காடு என்ற உரிமையோடு வந்து, வாசலில் வெளிநாட்டவருக்கான சீட்டை வாங்கும்போது மனம் சுருங்கத்தான் செய்யும். அந்தச் சுருக்கத்தைச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் காட்டாதீர்கள்.

தங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாக்கள். இவை காட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மற்றது, பூங்காவின் பிரதான வாசலான ஹுனுவில்கம வாசலுக்கு வெளியே உள்ள தனியார் விடுதிகளும் கூடார முகாம்களும். உள்ளே தங்கினால் விடியும்போது நீங்கள் ஏற்கனவே வில்லுக்கரையில், அதாவது காட்டுக்குள் இயற்கையாக நீர் தேங்கும் இடத்தின் கரையில், இருப்பீர்கள். வெளியே தங்கினால் காலை 5.30க்கே வாசலில் வரிசையில் நிற்க வேண்டும். 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். ஆனால் வெளியே மின்சாரமும் குளிரூட்டியும் உண்டு, இரவில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் அனுராதபுரத்துக்கு ஓடலாம். உள்ளே இருட்டிய பிறகு வாகனம் ஓட அனுமதி இல்லை. நெஞ்சுவருத்தமோ அடிக்கடி மூச்சுமுட்டோ உள்ளவர் குழுவில் இருந்தால் வெளியேதான் தங்குங்கள். இதில் ஆசைக்கு இடம் கொடுக்க வேண்டாம்.

உள்ளே உள்ள பங்களாக்களில் பணிக்கர் வில்லு, காளி வில்லு, மாணிக்கபொல ஊற்று மூன்றும் நீரைப் பார்த்தபடி இருப்பவை. மரதன்மடுவ குளக்கரையில் இருக்கிறது. கொக்மொட்டை மோதரகம் ஆற்றங்கரையில், மருத மரங்களின் நிழலில் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நிழல் பெரிய உதவி. வில்லு என்றதும் குளம் என்று நினைத்துவிடாதீர்கள். குளத்துக்கு அணைக்கட்டு உண்டு, தண்ணீரைத் திறந்துவிடத் துருசு உண்டு. வில்லுக்கு இரண்டும் கிடையாது. மணல் நிலத்தின் பள்ளத்தில் மழைநீர் தானாகத் தேங்கி நிற்கும் இடம் அது. ஆவணி வெய்யிலில் நீர் வற்றி நடுவே சுருங்கும், விலங்குகள் அந்த மிச்சத் தண்ணீரைத் தேடி வெளிக்கு வரும். மார்கழி விடுமுறையில் வருபவர்கள் வடகீழ்ப் பருவமழைக்குள் வருகிறார்கள்: காடு பச்சைப்பசேலென்று இருக்கும், தண்ணீர் எங்கும் கிடைப்பதால் விலங்கு ஒதுங்கிவிடும், பாதை சேறாகும், சில நாட்களில் வெள்ளத்தால் பாதைகளையே மூடிவிடுவார்கள். பள்ளிக்கூட விடுமுறை இரண்டில் ஒன்றைத் தேர்வதானால் கோடை விடுமுறையைத் தேருங்கள். வைகாசி முதல் ஆடி வரை பாலைப்பழக் காலம். கரடி மரமேறிப் பழம் தின்னும் காட்சி கிடைப்பது அப்போதுதான். வன்னிப் பாலைப்பழத்தின் பால் உதட்டில் ஒட்டுகிற ருசி தெரியாத பிள்ளைகளுக்கு அந்த மரத்தைக் காட்டுங்கள். காட்டுக்குள் பறிக்க முடியாது, வரும் வழியில் விற்றால் வாங்கிக் கொடுங்கள்.

இனி ஆட்கணக்கு. ஒரு பங்களாவுக்குப் பொதுவாக 10 பேர்தான். பத்துப் பேருக்குப் பத்துத் தனியறை என்று எண்ண வேண்டாம். இரண்டு அறை, நடுவே ஒரு மண்டபம், ஒரு விறாந்தை என்ற அமைப்பில் கட்டில்களும் மெத்தைகளும் போட்டுப் படுப்பது. கைக்குழந்தையை எண்ணத் தேவையில்லை என்று நீங்களாக முடிவெடுக்காதீர்கள், அதையும் ஓர் ஆளாக எழுதுங்கள்.

நீங்கள் வருவது தெரிந்த அன்றே தொலைபேசி அடிக்கத் தொடங்கும். “தம்பி, காட்டுக்குப் போறியளாம், நாங்களும் வாறம்” என்று சித்தப்பா. “பிள்ளையள் ஆனையைக் கிட்டப் பார்த்ததே இல்லை” என்று மாமி. எல்லோருக்கும் ஓம் சொல்ல வாய் வரும். இருபது வருடமாக அம்மாவை ஆசுப்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது சித்திதான். நாங்கள் காசு அனுப்பினோம். அவரிடம் இடமில்லை என்று சொல்ல நா எழாது. ஆனால் அன்று சொல்லாததைச் சொல்ல வேண்டி வருவது வாசலில், வானுக்குள் சட்டிபானையோடு பதினான்கு பேர் இருக்கும்போதுதான். பட்டியலில் ஒரு விரல் பெயர் பெயராக இறங்கும், ஒவ்வொரு பெயருக்கும் தலை நிமிர்ந்து ஆளைப் பார்க்கும், பத்தாவது பெயரோடு நின்றுவிடும். மிச்சம் நால்வரில் யார் இறங்குவது என்று வீதியோரத்தில் பேசித் தீர்க்கிற நிலைமைக்கு ஒரு குடும்பத்தைக் கொண்டுவரக் கூடாது. அந்த நால்வரில் வயதான ஒருவர், “எனக்கு உது பெரிய விசயமில்லை, நீங்கள் போட்டு வாங்கோ” என்று தானாக இறங்குவார். அதற்குப் பிறகு உள்ளே எந்தச் சிறுத்தையைப் பார்த்தும் மனம் ஒட்டாது.

இரண்டாவது கோரிக்கை இன்னும் பொல்லாதது. “மச்சான் தன்ர பெயரில உள்ளூர்க் கணக்கில போடட்டும், காசு மிச்சம்” என்பார்கள். இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் நுழைவுக் கட்டணம், பங்களாக் கட்டணம் இரண்டுமே வேறு வேறு; வித்தியாசம் பல மடங்கு. காசு மிச்சம் பிடிக்கும் எண்ணம் வருவது இயல்பு. ஆனால் வாசலில் கடவுச்சீட்டுக் கேட்பார்கள், பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பேசும்போதே விசயம் முடிந்துவிடும். உங்கள் வாயால் பொய் சொல்ல வைப்பது மட்டுமல்ல, அங்கே வாழும் மச்சானின் அடையாள அட்டையைப் பணயம் வைக்கிறீர்கள். நீங்கள் மூன்றாம் கிழமை விமானம் ஏறிவிடுவீர்கள். திணைக்களத்தில் அடுத்த முறை பெயர் கொடுக்கப் போகிறவர் அவர்தான். குழுவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் முன்பதிவிலேயே அதைக் காட்டுங்கள்.

அலுமாரிக்குள் கிடக்கும் பழைய தேசிய அடையாள அட்டையையும் இதற்காக எடுத்து வராதீர்கள். வேறு நாட்டுக் குடியுரிமையை எடுத்ததும் இலங்கைக் குடியுரிமை சட்டப்படி இல்லாமல் போகிறது. இரட்டைக் குடியுரிமை என்பது 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், விண்ணப்பித்துச் சான்றிதழ் பெற்றவர்களுக்கே உரியது. அட்டையில் உள்ள இளவயதுப் படம் உங்களுடையதுதான். அந்த உரிமை இப்போது உங்களுடையதல்ல. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அதற்கான சான்றிதழையோ இலங்கைக் கடவுச்சீட்டையோ கையில் கொண்டு வாருங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை நம்பி வரவேண்டாம். காட்டோரத்தில் இணையத் தொடர்பு இல்லாமல் போகும் இடங்கள் நிறைய.

பெயரிலும் கவனம் தேவை. எங்களுக்குத் தகப்பன் பெயர் முதலெழுத்தாக முன்னுக்கு வரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் அதுவே கடைசிப் பெயராகிவிடும். முன்பதிவில் கடவுச்சீட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அடியுங்கள். முன்பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவர் கட்டாயம் வரக்கூடியவராக இருக்க வேண்டும். விடுமுறை உறுதியில்லாத தமையனின் பெயரில் போட்டால், அவர் வராத அன்று முழுக் குடும்பமும் வாசலில் விளக்கம் சொல்ல வேண்டி வரும்.

பதிவைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலோ பத்தரமுல்லைத் தலைமை அலுவலகத்திலோ செய்யலாம். பதிவு திறக்கும் நாளிலேயே சனி, ஞாயிறும் போயா நாட்களும் போய்விடும். கிழமை நாட்களில் இரண்டு இரவைக் குறிவையுங்கள். ஓர் இரவு மட்டும் எடுப்பது வீண். முதல் நாள் சாமான் இறக்குவதிலும் இரண்டாம் நாள் சாமான் கட்டுவதிலும் போய்விடும், நடுவே ஒரே ஒரு விடியல்தான் மிஞ்சும். பதிவுப் பற்றுச்சீட்டை அச்சடித்து இரண்டு பிரதி எடுங்கள்.

செலவுக் கணக்கில் பலர் ஏமாறுவது நுழைவுக் கட்டணத்தை மட்டும் பார்த்து. ஆளுக்கு நுழைவுக் கட்டணம், குழுவுக்குச் சேவைக் கட்டணம், வாகனத்துக்குத் தனிக் கட்டணம், பிறகு எல்லாவற்றின் மேலும் பெறுமதிசேர் வரி. 2024 ஜனவரி முதல் அது 18 வீதம். பங்களாக் கட்டணம் இதற்குள் இல்லை. கட்டணம் அடிக்கடி மாறும் என்பதால், போன வருடம் போனவர் சொன்ன தொகையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

யாழ்ப்பாணத்தில் பிடித்த ஹயஸ் வான் உள்ளே போகாது. பாதை ஆழமான மணல்; நான்கு சில்லும் இழுக்கும் வாகனம் தேவை. ஜீப்காரரோடு பேசும்போது முதலே கேளுங்கள்: இரண்டு இரவும் உங்களோடு நிற்பாரா, இறக்கிவிட்டு அடுத்த நாள் வருவாரா? நிற்பதென்றால் அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும், அவரையும் ஆட்கணக்கில் சேர்ப்பார்களா என்று பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். பத்துப் பேரும் இரண்டு நாள் சாமானும் ஒரு ஜீப்பில் அடங்காது. இரண்டு பிடியுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் வவுனியா, மதவாச்சி தாண்டி அனுராதபுரம் சுமார் 200 கிலோமீற்றர். அங்கிருந்து புத்தளம் வீதியில் நொச்சியாகம கடந்து ஹுனுவில்கமவுக்குத் திரும்ப வேண்டும். மன்னாரிலிருந்து வருபவர்கள் வரைபடத்தில் காட்டுக்குள்ளால் தெரியும் கோட்டை நம்பி இறங்க வேண்டாம். மதவாச்சியைச் சுற்றியே வாருங்கள். பகல் 2 மணிக்கு வாசலில் நிற்பதாக நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

பங்களாவில் சமையல்காரர் இருப்பார், சாமான் உங்களுடையது. பத்துப் பேருக்கு இரண்டு இரவென்றால் அரிசி 5 கிலோ, தேங்காய் 8, பருப்பு ஒன்றரைக் கிலோ, குடிக்க மட்டும் 19 லீற்றர்ப் போத்தல் 4. மீனை முதல் இரவோடு முடித்துவிடுங்கள். அடுத்த நாளுக்குக் கருவாடும் முட்டையும் போதும். யாழ்ப்பாணத் தூளை அளவு சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் வாய் வைக்கமாட்டார்கள். இன்சுலின் ஊசி உள்ளவர்கள் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியில் மருந்தைத் துணியால் சுற்றி வையுங்கள். ஐஸில் நேரே பட்டு உறைந்தால் மருந்து பழுது. பொலித்தீன் பைகளை வாசலில் எடுத்துவிடச் சொல்வார்கள், பிரம்புக் கூடையோ துணிப்பையோ நல்லது. வாழைப்பழத்தை இரவில் விறாந்தையில் விடாதீர்கள். யானைக்கு அந்த வாசம் எட்டும்.

வயதானவர்களுக்கு ஜீப்பின் பின்படி முழங்கால் உயரத்துக்கு மேல். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு போங்கள். அவர்களைப் பின்சில்லுக்கு மேலுள்ள கடைசி இருக்கையில் இருத்தினால் நாரி விட்டுப்போகும்; சாரதிக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையை ஒதுக்குங்கள்.

பத்துக்கு மேற்பட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. அதே நாளுக்கு வாசலுக்கு வெளியே ஒரு விடுதியில் அறை போட்டு, அவர்களுக்கு ஒரு நாள் நுழைவுச்சீட்டும் தனி ஜீப்பும் பிடியுங்கள். காலையில் உள்ளே வந்து மாலை 6க்கு முதல் வெளியேறலாம். அந்தக் காசை நீங்களே கட்டுங்கள், வானில் ஏறும் முன்னம் யார் எங்கே தங்குவது என்று எல்லோருக்கும் தெரியட்டும். உள்ளே படுக்கும் பத்துப் பேரில் யார் யார் என்பதை வயதிலிருந்து தொடங்குங்கள். தாளை எழுதத் தொடங்கும் அன்றே முதல் அழைப்பை எடுத்துச் சொல்ல வேண்டியது: “சித்தி, பத்துப் பேருக்குத்தான் இடம். உங்கட அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கோ, முதல் பெயரா எழுதுறன்.”