வெளிநாட்டில் ஆய்வு செய்ய விசா: முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

ஆய்வு வாய்ப்பு உறுதியானதும் பலரும் உடனே தூதரக இணையதளத்தைத் திறந்து படிவத்தை நிரப்ப உட்கார்ந்துவிடுகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஆய்வு விசாவில் படிவம் கிட்டத்தட்டக் கடைசி வேலை. அதற்கு முன்னால் நடக்க வேண்டியதில் பெரும்பங்கு உங்களை அழைக்கும் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் தர வேண்டிய காகிதம் வராமல் நீங்கள் எவ்வளவு ஓடினாலும் பயனில்லை. ஆகவே கீழே சொல்லும் வரிசையிலேயே போங்கள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள்.

படி 1: எந்த வகை விசா?

எல்லா நாட்டிலும் 'ஆய்வு விசா' என்ற பெயரிலேயே ஒன்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாள் தங்குவீர்கள்? செலவுக்குப் பணம் யார் தருகிறார்கள்? அங்கே பட்டப்படிப்புக்குப் பதிவு செய்கிறீர்களா? முனைவர் பட்டத்துக்கே பதிவு என்றால் பெரும்பாலும் மாணவர் விசா. அங்குள்ள நிறுவனம் சம்பளம் தருகிறது என்றால் ஆய்வாளர் அல்லது பணி விசா. உங்கள் சொந்த உதவித்தொகையில் சில மாதம் போய்வருகிறீர்கள் என்றால், பல நாடுகளில் வருகை ஆய்வாளருக்கென்று தனி வகை இருக்கும்.

"சுற்றுலா விசாவிலேயே போய் ஆவணக் காப்பகத்தில் படித்துவிட்டு வந்துவிடலாம்" என்று அனுபவசாலிகள்கூடச் சொல்வார்கள். கேட்காதீர்கள். சில நாடுகளில் குறுகிய கால நூலக வேலைக்கு வருகை விசாவே போதும் என்று விதியே இருக்கலாம். அப்படி எழுத்தில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பையில் வினாத்தாளும் மாதிரிக் குப்பிகளும் வைத்துக்கொண்டு குடிவரவு மேசையில் 'சுற்றிப்பார்க்க வந்தேன்' என்று சொன்னால், அது பொய்த் தகவல் என்று பதிவாகி அடுத்த பயணங்களையும் பாதிக்கும். களப்பணிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இந்தோனேசியா போன்ற நாடுகளில் ஆய்வு அனுமதி வேறு, விசா வேறு. அனுமதி முதலில் கைக்கு வர வேண்டும்.

ஐரோப்பாவில் ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய கால விசாவில் போகிறவர்கள் நாள் கணக்கைக் கவனியுங்கள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்கலாம். பகுதிக்குள் இருக்கும் எல்லா நாடுகளுக்கும் சேர்த்தே இந்த 90. அதற்கு மேல் என்றால் போகும் நாட்டின் நீண்ட கால விசா வேண்டும்.

படி 2: அழைக்கும் நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய காகிதம்

பேராசிரியர் மின்னஞ்சலில் 'வாருங்கள்' என்று எழுதியது போதாது. அமெரிக்காவின் ஜே-1 (பரிமாற்றத் திட்டத்தில் வருகிறவர்களுக்கான) விசாவுக்கு, உங்களைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டதற்குச் சான்றான டிஎஸ்-2019 படிவத்தை அந்தப் பல்கலைக்கழகமோ திட்டத்தை நடத்தும் அமைப்போ வழங்க வேண்டும். அது வந்த பிறகுதான் செவிஸ் (வெளிநாட்டு மாணவர், பரிமாற்ற வருகையாளர் பதிவேடு) கட்டணம், டிஎஸ்-160 என்ற இணைய விசா விண்ணப்பம் எல்லாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2016-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆய்வாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே வரவேற்பு ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். ஜப்பானில் நீண்ட நாள் தங்குவதற்கான தகுதிச் சான்றிதழை அழைப்பவர்கள் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் வாங்கி உங்களுக்கு அனுப்புவார்கள். பிரிட்டனில் சில அறிவியல், பொறியியல் துறைகளுக்கு, சில நாட்டவர் விசாவுக்கு முன்பே ஏடாஸ் என்ற தனி ஒப்புதல் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது, ஆனால் நாள் பிடிக்கும்.

பேராசிரியரிடம் கேட்பதைவிட அந்தப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரடியாக எழுதுங்கள். எந்தக் காகிதம், யார் கையெழுத்து, எத்தனை வாரம் என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டுவிடுங்கள்.

ஜே-1 வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசு நிதி அல்லது உங்கள் துறையைப் பொறுத்து, திட்டம் முடிந்ததும் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை சிலருக்கு விழும். 'ரிசர்ச் ஸ்காலர்' பிரிவில் போய்த் திட்டம் முடிந்துவிட்டால், அடுத்த 24 மாதத்துக்கு அதே பிரிவில் திரும்பப் போக முடியாது. நான்கைந்து மாத வேலைதான் என்றால், ஆறு மாதம் வரை அனுமதிக்கும் 'ஷார்ட் டேர்ம் ஸ்காலர்' பிரிவில் போட முடியுமா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுப் பின்னால் வருந்தியவர்களை எனக்குத் தெரியும்.

படி 3: அழைப்புக் கடிதத்தை வரி வரியாகப் படியுங்கள்

என் முதல் விண்ணப்பம் இங்கேதான் சறுக்கியது. அழைப்புக் கடிதத்தில் செப்டம்பர் 1 முதல் என்று இருந்தது. உதவித்தொகைக் கடிதத்தில் அக்டோபர் 1 முதல். நான் படிவத்தில் செப்டம்பர் என்று எழுதினேன். அந்த ஒரு மாதச் செலவுக்கு யார் பொறுப்பு என்று கேட்டு விண்ணப்பத்தை நிறுத்திவைத்தார்கள். திருத்திய கடிதம் வாங்கி அனுப்ப ஐந்து வாரம் போனது.

கடிதத்தில் இவை இருக்கின்றனவா பாருங்கள்: கடவுச்சீட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், தொடங்கும் முடியும் தேதிகள், ஆய்வின் தலைப்பு, எந்தத் துறையில் யாருடைய மேற்பார்வையில், பணம் யார் தருகிறார்கள், எவ்வளவு. பணம் பற்றி ஒன்றும் சொல்லாத கடிதம் அரைக் கடிதம்தான். 'நாங்கள் சம்பளம் தரவில்லை, இவர் சொந்த உதவித்தொகையில் வருகிறார்' என்று இருந்தாலும் சரி, அது எழுத்தில் இருக்க வேண்டும்.

படி 4: ஆய்வைப் பற்றி எளிய சொற்களில் அரைப் பக்கம்

உங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரி உங்கள் துறையைப் படித்தவர் இல்லை. 'உலோக ஆக்சைடு நானோ துகள்களின் ஒளிவினையூக்கப் பண்புகள்' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"தண்ணீரில் கலந்த சாயக் கழிவை வெளிச்சத்தின் உதவியால் சிதைக்கும் பொடி ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அதன் துகள்களைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி இந்த ஆய்வகத்தில் இருக்கிறது. ஆறு மாதம் அளவீடு எடுத்துவிட்டு, என் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பி ஆய்வேட்டை முடிப்பேன்."

என்ன வேலை, ஏன் அங்கே, முடித்துவிட்டு எங்கே என்று மூன்றும் இதில் வந்துவிட்டன. நேர்காணலிலும் இதையேதான் கேட்பார்கள். ராணுவப் பயன்பாட்டுக்கும் திருப்பக்கூடிய துறை என்றால் கூடுதல் சரிபார்ப்பு வரலாம், மாதக்கணக்கில் இழுக்கவும் செய்யலாம். அதற்குப் பயந்து தலைப்பை மழுப்பாதீர்கள். அழைப்புக் கடிதத்தில் ஒன்று, உங்கள் வாயில் ஒன்று என்றால் சந்தேகம்தான் கூடும்.

படி 5: மற்ற ஆவணங்கள்

ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குக் கடவுச்சீட்டு, அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்ல வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ஜே-1 திட்டத்தில் ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு தேவை. பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் ஏற்கும்படி அரசு தரும் சான்று) முத்திரை கேட்கிறார்களா என்று முன்பே பாருங்கள், அதற்கும் நாள் ஆகும். கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்கள், டிஎஸ்-160-இல் அதைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதி, இயற்பெயர் இடத்தில் 'எஃப்என்யூ' (FNU, 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும்.

படி 6: இப்போது படிவம்

கடிதங்களை எதிரில் விரித்து வைத்துக்கொண்டு, அவற்றில் உள்ள தேதியையும் தலைப்பையும் அப்படியே பார்த்து எழுதுங்கள். முன்பு எங்காவது விசா மறுக்கப்பட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். ஷெங்கனுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது முன்னதாகக் கொடுக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள். தேவைப்பட்டால் 45 வரை நீட்டுவார்கள். விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்தால் பணம் திரும்ப வராத விமானச் சீட்டை வாங்காதீர்கள்.

மறுத்துவிட்டால் காரணம் எழுதிய தாளை முதலில் படியுங்கள். காட்டிய குறையைச் சரிசெய்யாமல் அதே காகிதங்களோடு மறுபடி போனால் அதே பதில்தான் வரும்.

படி 7: கிளம்பும் முன்பும் போய்ச் சேர்ந்த பிறகும்

விசா ஒட்டிய பக்கத்தில் பெயர், தேதி, எத்தனை முறை நுழையலாம் என்பதைக் கிளம்பும் முன்பே சரிபாருங்கள். ஜே-1 விசாவில் திட்டம் தொடங்கும் நாளுக்கு 30 நாளுக்கு மேல் முன்னதாக அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. ஜெர்மனியில் வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். பிரான்சில் தங்கும் அனுமதியாகவே செல்லும் நீண்ட கால விசா என்றால், மூன்று மாதத்துக்குள் இணையத்தில் அதை உறுதி செய்ய வேண்டும். எந்த நாடானாலும் முதல் வாரத்திலேயே சர்வதேச ஆய்வாளர் அலுவலகத்துக்கு நேரில் போய், நீங்கள் வந்து சேர்ந்ததைப் பதிவு செய்துவிடுங்கள்.