ருஷ்ய அமெரிக்கா: வரலாறு எழுதுவோர் சறுக்கும் இடங்கள்

1867இல் அமெரிக்காவுக்கு விற்கப்படும் வரை அலாஸ்கா ருஷ்யப் பேரரசின் கடல் கடந்த எல்லைப்புறமாக இருந்தது. அதன் வரலாற்றை எழுதப் புகுவோரை முதலில் ஏமாற்றுவது நிலப்படம். கடற்கரை முதல் உள்நாட்டு மலைகள் வரை ஒரே வண்ணம் பூசியிருப்பதைப் பார்த்து, முழு நிலத்தையும் ருஷ்யா ஆண்டது என்று எழுதிவிடுகிறார்கள். 1799 முதல் அங்கே நிர்வாகம் நடத்தியது ருஷ்ய அமெரிக்கக் கம்பெனி என்ற வணிக நிறுவனம். ஒரே சமயத்தில் அங்கு வாழ்ந்த ருஷ்யர் தொகை ஆயிரத்தை எட்டியதே இல்லை. 1802இல் தென்கிழக்குக் கரையோரத்துச் சிட்காவில் இருந்த ருஷ்யக் கோட்டையை அப்பகுதியின் பூர்வகுடிகளான டிலிங்கிட் மக்கள் அழித்தனர். 1804இல் கம்பெனியின் தலைமை நிர்வாகி பரானவ் 'நேவா' கப்பலின் பீரங்கி பலத்தோடு திரும்பிவந்து புதிய கோட்டை எழுப்பினார். அதன் பிறகும், மரவேலிக்கு வெளியே இருந்த டிலிங்கிட் குடியிருப்பை நோக்கியே கோட்டையின் பீரங்கிகள் நின்றன. அடங்கிய குடிகளுக்கு எதற்குப் பீரங்கி என்று கேட்டுப் பார்த்தாலே நிலப்படத்தின் வண்ணம் வெளுத்துவிடும்.

'ருஷ்யர் கடல் நீர்நாய்களை வேட்டையாடினர்' என்ற வாக்கியமும் தவறான தோற்றத்தையே தருகிறது. தோல்படகில் சென்று அவற்றைக் குத்தீட்டியால் வீழ்த்தும் கலை தீவுவாசிகளுடையது. அவர்களைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கியதே ருஷ்யர் செய்தது. அந்த வேட்டைக்காரர்களை ஆவணங்கள் 'அலியூட்' என்ற ஒற்றைப் பெயரால் குறிப்பது இன்னொரு கண்ணி. அலியூஷியன் தீவுகளின் உனங்கன் மக்களும் கோடியாக் தீவின் சுக்பியாக் மக்களும் வெவ்வேறு மொழி பேசும் இரு இனத்தார்.

நாட்களைக் கணக்கிடுவதில் தேர்ந்த கைகளும் தவறும். ருஷ்யர் அப்போது பின்பற்றியது பழைய ஜூலியன் நாட்காட்டி; அதன் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேதியை இன்றைய நாட்காட்டிக்கு மாற்ற 12 நாட்களைக் கூட்டுவது வழக்கம். ஆனால் ருஷ்யர் ஆசியாவிலிருந்து கிழக்கு நோக்கி வந்ததால் சிட்காவின் கிழமை அமெரிக்கக் கிழமைக்கு ஒரு நாள் முன்னே ஓடியது; அங்கே வெள்ளி என்றால் அமெரிக்கருக்கு வியாழன். எனவே அங்கு எழுதிய தேதியை அமெரிக்கத் தேதியாக்க 11 நாட்களே கூட்ட வேண்டும். 1867இல் அலாஸ்கா அமெரிக்காவுக்குக் கைமாறியபோது அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 18 ஆனது. கிழமை மட்டும் மறுபடியும் வெள்ளி!

விற்பனையை அமெரிக்கர் அனைவரும் எள்ளி நகையாடினர் என்பது மிகை. செனட் 37–2 என்ற வாக்கில் ஒப்பந்தத்தை ஏற்றது. 72 லட்சம் டாலருக்கு நிலமே கைமாறியது என்பதும் முழு உண்மையன்று. 1867இல் தென்கிழக்கு அலாஸ்கா டிலிங்கிட், ஹைடா மக்களின் பூர்வ உரிமையில்தான் இருந்தது என்று 1959இல் அமெரிக்க உரிமைக்கோரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஒரு பகுதியின் பொருட்டு 1968இல் வழங்கப்பட்ட இழப்பீடு சுமார் 75 லட்சம் டாலர்.