பசங்களுக்கு பயாலஜி எடுக்கணுமா? கொட்டாவில இருந்து ஆரம்பிங்க

பதினாலு பதினஞ்சு வயசு பசங்ககிட்ட போய் "செல் என்பது உயிரின் அடிப்படை அலகு"ன்னு ஆரம்பிச்சா அஞ்சாவது நிமிஷம் கொட்டாவி விடுவாங்க. திட்டாதீங்க, அந்தக் கொட்டாவியையே பாடமா எடுங்க. அந்த வயசுல தூக்கத்தை வரவைக்கற மெலடோனின்ங்கற ஹார்மோன் சுரக்கறதே ராத்திரி லேட்டாத்தான் ஆரம்பிக்குது, தூக்கமோ 8-ல இருந்து 10 மணி நேரம் தேவை, நாம காலைல சீக்கிரமே எழுப்பி விட்டுடறோம். இதைச் சொன்னா "அப்போ நான் சோம்பேறி இல்லல்ல?"ன்னு ஒருத்தன் கேப்பான் பாருங்க, ஹார்மோன் பாடம் அங்கதான் ஆரம்பிக்குது. பேரு, டெஃபனிஷன் எல்லாம் அப்புறமா வரட்டும்.

பரு, வியர்வை நாத்தம் ரெண்டும் அதே மாதிரிதான். ஆண்ட்ரோஜன்ங்கற ஆண் ஹார்மோன் ஏறும்போது (பொண்ணுங்களுக்கும் இருக்கு அது) தோல்ல எண்ணெய் அதிகமா சுரக்குது, துவாரம் அடைச்சுக்குது, உள்ள பாக்டீரியா பெருகுது, உடம்பு அதோட சண்டை போடறதுதான் அந்தச் சிவப்பும் வீக்கமும். ஒரு பருவுல மூணு சாப்டர் முடிஞ்சுது. வியர்வைக்குன்னு பெருசா வாசனையே கிடையாது, அக்குள்ல இருக்கற சில சுரப்பிங்க இந்த வயசுலதான் வேலையை ஆரம்பிக்குது, அதுல வர்றதை தோல்ல இருக்கற பாக்டீரியா உடைக்கும்போதுதான் நாத்தம். ஆனா ஒண்ணு, யார் முகத்தையும் காட்டி உதாரணம் சொல்லிடாதீங்க, அந்தப் பிள்ளை வருஷம் பூரா உங்க கிளாஸ்ல வாயே திறக்காது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஸ்கேல் விளையாட்டு. 30 செ.மீ. ஸ்கேல் ஒண்ணு போதும். ஒருத்தர் மேல் முனையப் பிடிச்சுக்கணும், இன்னொருத்தர் கீழ சைபர்கிட்ட விரலை விரிச்சு வெச்சுக்கணும், சொல்லாம கொள்ளாம விடணும், எந்த செ.மீ.ல பிடிச்சாங்கன்னு எழுதணும். 15-ல பிடிச்சா கிட்டத்தட்ட 0.17 செகண்ட், 20-ன்னா 0.2. அந்த நேரத்துக்குள்ள செய்தி எங்கெங்க போயிட்டு வந்துச்சுன்னு அவங்களையே படம் வரையச் சொல்லுங்க, கண்ணு, மூளை, தண்டுவடம், கை தசைன்னு தட்டுத் தடுமாறி வந்து சேருவாங்க. பாதிப் பேர் "இது ரிஃப்ளெக்ஸ் சார்"ம்பாங்க. இல்ல, மூளை முடிவெடுத்துத்தான் பிடிக்குது, சூடு பட்டதும் கை தானா பின்னாடி வருதே அதுதான் ரிஃப்ளெக்ஸ், இந்த வித்தியாசத்தை போர்டுல எழுதிப் போட்டா நிக்காது, இப்படிப் புரிஞ்சா மறக்காது.

அப்புறம் விட்டுடாதீங்க. கண்ணை மூடிக்கிட்டு சத்தத்தை வெச்சுப் பிடிச்சா என்ன ஆகும், பக்கத்துல ஒருத்தர் கணக்கு கேட்டுக்கிட்டே இருந்தா என்ன ஆகும், சரியா தூங்காத நாள்ல எப்படி இருக்கும்னு அவங்களே கேள்வி போடட்டும். பத்துப் பத்து தடவை செஞ்சு சராசரி எடுக்கச் சொல்லுங்க. போகப் போக ஸ்பீடு ஏறும், அது பழகினதாலயா இல்ல நிஜமாவே மாற்றமான்னு அடிச்சுக்குவாங்க. அந்தச் சண்டையை நிறுத்தாதீங்க, கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பாக்க எதையும் மாத்தாம வெச்சுக்கறது) எதுக்குன்னு அதுலதான் புரியும்.

மரபியலுக்கு வந்தா நாக்கைச் சுருட்டற உதாரணத்தைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க, ஒரே ஜீன்தான் அதை முடிவு பண்ணுதுன்னு 1940-ல சொன்ன மரபியல் விஞ்ஞானி ஸ்டர்டிவன்ட்டே பின்னாடி அது தப்புன்னு ஒத்துக்கிட்டார். ஒரே மாதிரி இரட்டையர்லயே சில ஜோடில ஒருத்தர் சுருட்டுவார், இன்னொருத்தரால முடியாது. அப்பா அம்மாவோட ஒப்பிட்டு அட்டவணை போடச் சொல்றதும் வேண்டாம், எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்காது.

அதுக்குப் பதிலா கிரைம் கேஸ் எடுங்க. 1984-ல இங்கிலாந்துல லெஸ்டர்ல அலெக் ஜெஃப்ரிஸ்ங்கற விஞ்ஞானி, டிஎன்ஏவை வெச்சு ஆளை அடையாளம் காணற டிஎன்ஏ கைரேகை முறையைக் கண்டுபிடிச்சார். கொஞ்ச வருஷம் கழிச்சு, அங்க பக்கத்துலயே நடந்திருந்த ரெண்டு கொலைக்கு அதை வெச்சுப் பாத்தா, ரெண்டையும் செஞ்சது ஒரே ஆள், ஆனா அதுல ஒரு கொலையை ஒத்துக்கிட்டு உள்ள இருந்த பையன் அந்த ஆளே இல்ல! "செய்யாத குத்தத்தை எதுக்கு சார் ஒத்துக்கிட்டான்?"னு கேப்பாங்க, கொஞ்ச நேரம் பேசிட்டு டிஎன்ஏவுக்கு இழுத்துட்டு வாங்க.

கடைசியா, கேள்வி போட ஒரு டப்பா வெச்சிருங்க, பேர் எழுத வேண்டாம். முதல் வாரம் கிண்டல் சீட்டாத்தான் வரும், அதுல ரெண்டுக்காவது சீரியஸா பதில் சொல்லுங்க, அடுத்த வாரம் வர்ற சீட்டு வேற மாதிரி இருக்கும்.