பிடி-சிடி நார்மல், ரத்தம் மட்டும் நிற்கவில்லை

போன வாரம் ஒரு ஹவுஸ் சர்ஜன் கேஸ் ஷீட்டை நீட்டினார். ஆறு வயதுப் பையன், சுன்னத்துக்கு வந்திருக்கிறான். ரத்தம் நிற்கிற நேரம் (பிடி), உறைகிற நேரம் (சிடி) இரண்டும் பார்த்தாயிற்று. "பிடி-சிடி நார்மல் சார், எடுத்துக்கலாம்." இருபது வருடத்துக்கு முன் இதே வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான். கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

மூட்டு வீங்கினால் ஹீமோபிலியாவை (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) நினை என்பதெல்லாம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். நாம் வழக்கமாகச் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பிடி-சிடியை நம்புவது

விரலில் குத்தி, அரை நிமிடத்துக்கு ஒரு தரம் தாளில் ஒற்றி எடுப்பது பிளீடிங் டைம். மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, துண்டு துண்டாக ஒடித்து, நூல் இழுக்கிறதா என்று பார்ப்பது கிளாட்டிங் டைம். முதலாவது தட்டணுக்களின் கதை. ஹீமோபிலியாவில் நார்மலாகவே வரும். இரண்டாவது நீள வேண்டுமென்றால், ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களில் ஒன்றான எட்டாம் ஃபேக்டர் ஏறக்குறைய அடியோடு இல்லாமல் இருக்க வேண்டும். 5, 10 சதவீதம் இருக்கிற பிள்ளை இதில் ஜம்மென்று தேறிவிடுவான்.

என் கையெழுத்தில் போன பையன் அப்படித் தேறியவன்தான். எட்டு வயது, சொத்தைக் கடைவாய்ப்பல். பிடுங்கினோம், பஞ்சைக் கடித்தான், ரத்தம் நின்றது, வீட்டுக்குப் போனான். இரவு 2 மணிக்கு அம்மா தூக்கிக்கொண்டு வந்தார். சட்டைக் காலர் நனைந்திருந்தது. பல் இருந்த இடத்தில் ஈரல் துண்டு மாதிரி ஒரு கட்டி தொங்க, அதன் ஓரமாகக் கசிவு. தட்டணுக்கள் முதலில் அடைத்துவிடும். மேலே ஃபைப்ரின் என்ற புரத வலை சரியாகப் பின்னாததால் சில மணி நேரத்தில் அடைப்பு தளர்ந்துவிடும். "அப்பவே நின்னுருச்சே" என்று யாராவது சொன்னால் இன்றைக்கு எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். ரத்தம் உறைவதை இன்னும் நுட்பமாக அளக்கும் ஏபிடிடி டெஸ்ட்டுக்கு அனுப்பினேன்: 62 விநாடி. 40-க்குள் இருந்திருக்க வேண்டும். ஃபேக்டர் 7 சதவீதம்.

போன வாரப் பையனுக்கு ஏபிடிடி 33 வந்தது. 'நான்தான் சொன்னேனே' என்பது போல ஹவுஸ் சர்ஜன் பார்த்தார். பார்க்கட்டும்.

தாய்மாமனை விட்டுவிடுவது

"குடும்பத்தில் ரத்தக்கசிவு நோய் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். அன்று நானும் கேட்டேன், அதுவும் அப்பாவிடம். ஹீமோபிலியா பையனுக்கு வருவது அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக. விடிகிற நேரத்தில்தான் அந்த அம்மா சொன்னார்: "எந்தம்பிக்கும் இப்படித்தாங்க. காது குத்தி மூணு நாள் கசிஞ்சுச்சு." இப்போதெல்லாம் நான் நோயைக் கேட்பதில்லை; காதுகுத்தைக் கேட்கிறேன், பல்லைக் கேட்கிறேன். மாமன்மார் எல்லாரும் நன்றாக இருந்தாலும் விலக்கிவிடாதீர்கள். ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் குடும்பத்தில் முன்கதையே இருக்காது.

பெண்பிள்ளைகளுக்கு வராது

வரும். வான் வில்லிபிராண்ட் என்ற இன்னொரு ரத்தக்கசிவு நோய் ஆண், பெண் பார்ப்பதில்லை. மணிக்கொரு நாப்கின் மாற்றுகிற பெண்ணுக்கு வெறும் இரும்பு மாத்திரை எழுதி அனுப்பாதீர்கள். அவளுக்கு ஏபிடிடிகூட நார்மலாக வரலாம்.

ரத்தக்கசிவு நோய்ச் சந்தேகத்தோடு இடுப்பில் ஊசி

கூடாது.

வலிக்கு ஆஸ்பிரின், டைக்ளோஃபெனாக்

பாராசிட்டமால் கொடுங்கள்.

எல்லா டெஸ்டும் நார்மல்

தொப்புள்கொடி விழுந்த இடத்தில் நாள்கணக்கில் கசிந்த குழந்தையா? பதின்மூன்றாம் ஃபேக்டரை நினையுங்கள். அது குறைந்தால் ஏபிடிடி, புரோத்ராம்பின் டைம் (உறைவதைப் பார்க்கும் இன்னொரு டெஸ்ட்) இரண்டுமே காட்டிக்கொடுக்காது. தனியாக எழுதிக் கேட்டால்தான் லேபில் பார்ப்பார்கள்.