கால்நடைக் கல்லூரிக்கு ஒரு டி செல் ஆய்வாளரை அழைத்து வருவது எப்படி

வேப்பேரியில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா வந்தவன் நான். இங்கே ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். டி செல் போன்ற நோயெதிர்ப்பு செல்களில் ஆய்வு செய்பவரைப் பேராசிரியர் வேலைக்குத் தேடும் கமிட்டியில் மூன்று முறை உட்கார்ந்திருக்கிறேன். போன மாதம், வேறு மாநிலத்தில் வேலை செய்யும் என் ஜூனியர் ஒருவர் போன் செய்தார். "அண்ணா, இந்த முறை என்னையே கமிட்டித் தலைவர் ஆக்கிட்டாங்க. எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" அன்றைக்கு அவரிடம் சொன்னவைதான் இவை.

முதலில் உங்கள் தொழுவத்தையும் ஆஸ்பத்திரியையும் ஒரு சுற்று சுற்றி வாருங்கள். நோயெதிர்ப்பியல் படித்தவர்களில் பெரும்பாலோர் எலியில் பழகியவர்கள். மருத்துவக் கல்லூரிகள் அவர்களைப் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிடும். சம்பளத்தில் அவர்களோடு நாம் மல்லுக்கு நிற்க முடியாது. ஆனால் தானாகவே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வந்த நாய், மடிநோய் கண்ட பசு, ஒரே பண்ணையில் நூறு கன்று என்று நம்மிடம் இருப்பது அவர்களிடம் இல்லை. எதிர்ப்பொருளை (ஆன்டிபாடியை) உருவாக்கும் பி செல்லின் 'பி'யே கோழியின் பர்சா என்ற உறுப்பிலிருந்து வந்ததுதான். 1956இல் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிளிக், சாங் என்ற ஆய்வாளர்கள் பர்சா எடுத்த கோழிகளில் எதிர்ப்பொருள் சரியாக உருவாகவில்லை என்று காட்டினார்கள். டி செல்கள் தொற்றுண்ட செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன என்பதற்காக 1996இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பீட்டர் டோஹர்ட்டி, குவீன்ஸ்லாந்தில் படித்த கால்நடை மருத்துவர். இந்தத் துறையில் நாம் விருந்தாளிகள் இல்லை. அந்தத் தெம்போடு விளம்பரத்தை எழுதுங்கள்.

விளம்பரத்தில் 'நோயெதிர்ப்பியல்' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த விலங்கு, எத்தனை, என்ன கருவி, வாரத்துக்கு எத்தனை கேஸ் என்று எழுதுங்கள். கால்நடை மருத்துவப் பட்டம் கட்டாயம் என்று வைக்காதீர்கள். இருந்தால் நல்லது என்று மட்டும் சொல்லுங்கள். இதில் கமிட்டிக்குள் சண்டை வரும், வரட்டும். பட்டத்தைக் கட்டாயமாக்கினால் விண்ணப்பங்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

வெளிநாட்டவர் தேர்வானால் கிரீன் கார்டுக்கு இந்த விளம்பரமே ஆதாரம். தேசிய அளவிலான தொழில்முறை இதழ் ஒன்றில் அது வந்திருக்க வேண்டும்; இணையத்தில் என்றால் 30 நாள் இருக்க வேண்டும். தேர்வு செய்து 18 மாதத்துக்குள் தொழிலாளர் துறைக்கு மனுப் போக வேண்டும். வெளியான முதல் நாளும் கடைசி நாளும் பக்கத்தைப் படமெடுத்து ஃபைலில் வையுங்கள். பிறகு தேடினால் கிடைக்காது.

விண்ணப்பம் படிக்கும்போது பத்திரிகைப் பெயர்களில் மயங்கிவிடக் கூடாது. நான் பார்ப்பது ஒன்றுதான்: இவர் கேட்கும் கேள்விக்கு விலங்கு நிஜமாகவே தேவையா? எலிக்கு எந்த செல்லை அடையாளம் காண வேண்டுமென்றாலும் ஆன்டிபாடி கடையில் கிடைக்கும். மாட்டுக்கும் நாய்க்கும் கொஞ்சம்தான், ஆட்டுக்கு இன்னும் குறைவு. 'அப்படியானால் என்ன செய்வீர்கள்' என்று சாக் டாக்கில், அதாவது வருபவர் தன் ஆய்வுத் திட்டத்தைப் போர்டில் எழுதி விளக்கும் அமர்வில், கேளுங்கள். யோசித்து வைத்திருப்பவர் உடனே போர்டு பக்கம் திரும்பி எழுத ஆரம்பிப்பார்.

நேர்காணலுக்கு வருபவரை டீன் அறைக்கு முன்பாகக் கன்றுத் தொழுவத்துக்குக் கூட்டிப் போங்கள். நான் ஒருவரைக் காலை ஏழு மணிக்குக் கூட்டிப் போனேன். எலியைத் தவிர எதையும் தொடாதவர். மூன்று வாரக் கன்று ஒன்றின் கழுத்து ரத்தக்குழாயில் எங்கள் டெக்னீஷியன் பத்து மில்லி ரத்தம் எடுத்தார். கன்று அவர் கையுறையை நக்கிக்கொண்டே நின்றது. மதியம் அதே ரத்தத்தை செல்களை வகைவாரியாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினோம். இளங்கன்றின் ரத்தத்தில் டி செல்களில் பாதிக்கு மேலேயே காமா-டெல்டா என்ற தனி வகையாக இருக்கலாம். எலியிலும் மனிதரிலும் அது சில சதவீதம்தான். திரையில் அந்தப் பெரிய புள்ளிக் கூட்டத்தைப் பார்த்தவர் நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டு, "வயதாக ஆக இது குறையுமா?" என்று கேட்டார். குறையும் என்றேன். அடுத்த ஒரு மணி நேரம் அவர்தான் பேசினார். இப்போது பக்கத்து லேபில் இருக்கிறார்.

அப்புறம் ஆஃபர் லெட்டர். இதில் நான் பட்ட அனுபவம் கசப்பானது. முன்பு நான் வேலை பார்த்த கல்லூரியில் ஆட்டில் டி செல் ஆய்வு செய்யும் ஒருவரை எடுத்தோம். 'செல் சார்ட்டர் (செல்களை வகை பிரித்துத் தரும் கருவி) இருக்கிறது' என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தோம். இருந்தது, ஆனால் ஊரின் மறுகோடியில், மருத்துவக் கல்லூரி வளாகத்தில். சார்ட்டர் செல்களை நுண்துளிகளாகப் பிரிக்கும். துளி காற்றில் பரவும். ஆட்டு ரத்தம் என்றதும் ஆட்டிலிருந்து மனிதருக்குக் காற்று வழியே தொற்றும் கியூ காய்ச்சல் பயத்தில், ரசாயனத்தில் பதப்படுத்தாத சாம்பிளை வாங்க மறுத்துவிட்டார்கள். பதப்படுத்தினால் செல் செத்துவிடும், வளர்க்க முடியாது. ஐஸ்பெட்டியும் கையுமாக அவர் அந்த வாசலில் நின்றதை நான் பார்த்தேன். இரண்டே வருடத்தில் கிளம்பிவிட்டார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நாங்கள் விசாரித்திருக்க வேண்டும்.

ஆகவே எழுத்தில் கொடுங்கள்: சார்ட்டரில் வாரத்துக்கு எத்தனை மணி நேரம், உயிருள்ள செல் அனுமதி உண்டா, எந்தெந்த விலங்கின் ரத்தம், டெக்னீஷியன் சம்பளம் எத்தனை வருடம், முதல் வருடம் எத்தனை வகுப்பு. கணவருக்கோ மனைவிக்கோ வேலை வேண்டுமென்றால் அந்தப் பேச்சையும் ஆஃபருக்கு முன்பே தொடங்கிவிடுங்கள்.

அவர் கையெழுத்துப் போட்டதும் விலங்கு நலக் கமிட்டிக்கான மனுவை அவரோடு சேர்ந்து எழுத ஆரம்பியுங்கள். அனுமதி வர வாரக்கணக்கில் ஆகும். வீட்டுச் சாமான் வந்து இறங்கும்போது அந்த அனுமதி எண்ணும் அவர் கையில் இருந்தால், முதல் மாதமே ரத்தம் எடுக்கலாம்.