காற்று எந்தப் பக்கத்திலிருந்து? மணத்தையும் ஓசையையும் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"தூரத்துக் கோயிலின் மணியோசையும் மல்லிகையின் நறுமண வாசனையும் தென்றலில் தவழ்ந்து வந்தன."

சிறுகதைப் போட்டிகளுக்கு வரும் கையெழுத்துப் பிரதிகளைப் படித்துச் சலித்துக் கொடுக்கும் வேலையைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். இந்த வாக்கியத்தை எத்தனை முறை படித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. கோயில் சில நேரம் மாதா கோயிலாகும், மல்லிகை சில நேரம் முல்லையாகும். தவழ்வது மட்டும் மாறியதே இல்லை.

'நறுமண வாசனை' என்ற இரட்டிப்பைச் சிவப்பு மை பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மணியோசையும் மல்லிகை மணமும் ஒரே வண்டியில் ஏறி வருவதில்லை. ஓசை காற்றை அதிரச் செய்துகொண்டு வருகிறது. மணம் காற்றோடு காற்றாகக் கலந்து வருகிறது. 20 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும்; ஒரு கிலோமீட்டரைக் கடக்க மூன்று நொடி போதும். மணத்துக்கென்று சொந்தக் கால் கிடையாது. காற்று நொடிக்கு 2 மீட்டர் நகர்ந்தால் மணமும் அவ்வளவுதான் நகரும். அதே கிலோமீட்டருக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். காற்று எதிர்ப்பக்கம் போகிறதென்றால் பொழுது விடியும்வரை காத்திருந்தாலும் வராது.

காற்றின் திசையைக் கேட்டுக்கொண்டு எழுத உட்காருகிறவர்கள் குறைவு. தமிழில் திசைக்கொரு காற்று உண்டு: தெற்கிலிருந்து தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. யாழ்ப்பாணக் கரையில் கேட்டால் சோளகம், கச்சான் என்று இன்னும் சொல்வார்கள். இத்தனை இருந்தும் நம் கதைகளில் மார்கழியிலும் தென்றல்தான் வீசுகிறது. ஆடி மாதம் தென்காசியில் கதை நடக்கும், கணவாய் வழியாக மேல்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருக்கும், அங்கேயும் தென்றல்தான்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு, நானே ஒருமுறை மாட்டிக்கொண்டதால் வந்தது. சென்னையில் ஒரு மீனவர் குப்பத்தைப் பின்னணியாக வைத்துக் கதை எழுதினேன். சித்திரை மாதம், விடியற்காலை. நாயகன் கரையிலிருந்து நான்கு தெரு தள்ளிப் படுத்திருக்கிறான். கடல்காற்று மீன் கவிச்சியை அள்ளிக்கொண்டு வந்து அவனை எழுப்புகிறது. கதை வெளிவந்த வாரம், கடல் தொழிலில் இருந்து ஓய்ந்த ஒரு பெரியவர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அந்த நேரத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகும். அதைப் பிடித்துத்தான் நாங்கள் கட்டுமரத்தில் பாய் விரித்துக்கொண்டு போவோம். உங்கள் ஆளுக்குக் கவிச்சி எந்த வழியாக வந்தது?"

என்னிடம் பதில் இல்லை. இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் குளிராது. ஆகவே காற்று தரையிலிருந்து கடலை நோக்கி நகரும். வெயில் ஏறித் தரை காய்ந்த பிறகுதான் திசை திரும்பும். சென்னையில் கோடை நாட்களில் நண்பகலை ஒட்டியோ பிற்பகலிலோ கடல்காற்று ஊருக்குள் நுழைவதை, முதுகில் வியர்வை காய்வதை வைத்தே சொல்லிவிடலாம். என் நாயகனைப் பகல் தூக்கத்திலிருந்து எழுப்பியிருக்க வேண்டும். கதையும் அதனால் கொஞ்சம் தேறியிருக்கும். வேலையில்லாதவன் பகலில் தூங்குவது பொருத்தம்தானே.

திசைக்கு அடுத்தபடியாக நான் அதிகம் பார்ப்பது, மணத்தை ஜமுக்காளம்போல் விரித்துவிடுவது. "தெரு முழுவதும் காபி மணம் நிறைந்திருந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். காபிக்கொட்டை வறுத்து அரைக்கும் கடை உள்ள ஏதாவது ஒரு தெருவில் போய் நின்று பாருங்கள். முதலில் ஒன்றும் இருக்காது. திடீரென்று ஒரு மூச்சில் கருகலும் இனிப்புமாக வந்து ஏறும். அடுத்த மூச்சில் இருக்காது. ஒரு பஸ் கடந்துபோகும், டீசல் புகை எல்லாவற்றையும் துடைத்துவிடும். சரி, போய்விட்டது என்று பத்தடி நடந்த பிறகு, பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டதுபோல் மறுபடி வரும். கடை வாசலிலேயே நிற்பவருக்கு எட்டாமல் எதிர்ச்சாரியில் பூ கட்டிக்கொண்டிருப்பவருக்குப் போய்ச் சேருவதும் உண்டு.

இதற்கு விளக்கம் வேண்டுமென்றால் பூஜை அறைக்குப் போய் ஓர் ஊதுவத்தியைக் கொளுத்தினால் போதும். புகை ஒரு சாண் உயரம் நூல் பிடித்ததுபோல் எழும். பிறகு நெளியும், சுருளும், இழை இழையாகப் பிரியும். இழைக்கும் இழைக்கும் நடுவே வெறும் காற்று. மணமும் இப்படித்தான் வருகிறது, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். பெண் பூச்சியின் மணத்தைப் பிடித்துக்கொண்டு பறக்கும் ஆண் அந்துப்பூச்சி, இழை அறுந்த இடத்தில் முன்னே போகாமல் இடமும் வலமுமாக அலைந்து தேடும். உங்கள் பாத்திரமும் கொஞ்சம் தேடட்டும். 'வந்தது, போயிற்று, மறுபடி வந்தது' என்று எழுதினால் வாசகர் தாமாகவே மூச்சை இழுத்துப் பார்ப்பார்.

மூக்கு சீக்கிரம் மரத்துப்போகும் உறுப்பு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே மணத்தில் சில நிமிடங்கள் இருந்தால் அது தெரியாமலே போய்விடும். மதுரை மாட்டுத்தாவணி மலர் சந்தையில் முப்பது வருடமாகப் பூ நிறுக்கிறவர், மல்லிகை மணத்தில் மயங்கியபடி கணக்குப் பார்க்க மாட்டார். மயங்குவது அன்றைக்குத்தான் பஸ்ஸை விட்டு இறங்கியவர். கருவாட்டு வாடை அந்த வீட்டு மருமகளுக்குக் கல்யாணமான முதல் வாரம் தெரியும். மாமியாருக்கு எப்போதும் தெரியாது. யார் மூக்கு என்பதை முடிவு செய்யாமல் மணத்தை எழுதக் கூடாது. மாறாக, தெரியாமல் போன மணம் மறுபடி தெரிகிறது என்று எழுதினாலே போதும், ஒருவர் நெடுநாள் வெளியூரில் இருந்துவிட்டு வந்திருக்கிறார் என்பது புரிந்துவிடும்.

மல்லிகையைத் தொட்டாகிவிட்டதால் அதன் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். அது மொட்டாகவே பறிக்கப்படும் பூ. விடிவதற்குள்ளோ காலையிலோ பறித்துவிடுவார்கள். விரிவது மாலைக்கு மேல்தான். மணமும் அப்போதுதான் கூடும். ஆகவே நண்பகலில் மல்லிகைத் தோட்டத்துக்குள் நுழைந்து கிறங்கிப்போகும் காதலர்கள், வேறு எதிலோ கிறங்கியிருக்க வேண்டும். பவழமல்லியும் இரவுப் பூதான். விடியும்போது உதிர்ந்து தரையில் கிடக்கும். சரித்திரக் கதை எழுதுகிறவர்களுக்கு இன்னும் பெரிய பள்ளங்கள் இருக்கின்றன. இன்று பூக்கடையில் சம்பங்கி என்று விற்கும் நிலச்சம்பங்கி மெக்சிகோவிலிருந்து வந்தது. சோழ அரசியின் கூந்தலில் அது மணக்க வழியில்லை, செண்பகம் மணக்கலாம். அரண்மனை அடுக்களையிலிருந்து மிளகாய் நெடி வந்தால் கதை அங்கேயே முடிந்தது. மிளகாயும் அமெரிக்கச் சரக்கு; போர்த்துகீசியக் கப்பல்கள் 1498இல் இந்தியக் கரையைத் தொட்ட பிறகுதான் நமக்கு அறிமுகம்.

மண்வாசனையில் வழுக்காதவர்களே இல்லை. ஐப்பசி அடைமழையின் நான்காம் நாள், வாசலில் முழங்கால் அளவு தண்ணீர். அப்போதும் மண்வாசனை 'நாசியை நிறைத்தது' என்று எழுதுகிறார்கள். அது காய்ந்த மண்ணின் மேல் விழும் முதல் மழையின் வாசனை. வறண்ட நாட்களில் தாவரங்களிலிருந்து கசியும் எண்ணெய்கள் மண்ணிலும் கல்லிலும் படிந்திருக்கும். மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் ஜியோஸ்மின் என்ற பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் இருவரும் 1964இல் 'நேச்சர்' இதழில் இந்த வாசனைக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தார்கள். துளி விழும்போது மண்ணில் சிறைப்படும் காற்று குமிழியாகி மேலே வந்து வெடிப்பதையும், அதிலிருந்து நுண்திவலைகள் தெறிப்பதையும் அதிவேகக் கேமராவில் பிடித்து 2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் காட்டினார்கள். கொட்டும் மழையைவிடத் தூறலும் மிதமான மழையுமே அதிகத் திவலைகளைக் கிளப்புகின்றன. மழை வருவதற்கு முன்பே வாசனை வந்துவிடுவதற்கும் மாயம் தேவையில்லை. பக்கத்து ஊரில் மழை இறங்கிவிட்டது. அதோடு இறங்கிய குளிர்ந்த காற்று தரையோடு பரவி நம்மூருக்கு முந்திக்கொண்டு வந்துவிட்டது. கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுகிறவருக்கு இது புத்தகம் படிக்காமலே தெரியும்.

ஓசைக்கு வருவோம். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கிறார் என்று வையுங்கள். நடுவே 170 மீட்டர். துணி கல்லில் விழுவதைக் கண் பார்த்துவிடும். சத்தம் அரை நொடி கழித்து வரும். அதற்குள் அவர் கை மறுபடி மேலே போயிருக்கும். ஆகவே கை உயரும்போது 'தொப்' என்று கேட்கும், கை இறங்கும்போது ஒன்றும் கேட்காது. ஒருமுறை இதைப் பார்த்துவிட்டவர்கள் தூரத்தை எழுத 'வெகு தூரத்தில்' என்ற சொல்லை நம்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். மின்னலும் இடியும் அப்படியே: இடைவெளி ஆறு நொடி என்றால் இரண்டு கிலோமீட்டர். மின்னிய கணமே இடித்தது என்று எழுதினால், தலைக்கு மேல் விழுந்துவிட்டது என்று பொருள்.

தூரம் நேரத்தை மட்டும் மாற்றுவதில்லை, ஓசையின் உடம்பையும் மாற்றுகிறது. கூர்மையான, உயர்ந்த ஒலிகளைக் காற்று விரைவில் விழுங்கிவிடும்; தாழ்ந்த ஒலிகள் நெடுந்தூரம் போகும். பக்கத்தில் விழும் இடி 'பளீர்' என்று வெடிக்கும். தூரத்து இடி உருளும், உறுமும். மூன்று தெரு தள்ளி அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிறார்கள். மெட்டு வரும், தாளம் வரும், வரி புரியாது. மெய்யெழுத்துகள் வழியில் உதிர்ந்து உயிரெழுத்துகள் மட்டும் வந்து சேர்ந்ததுபோல் இருக்கும். ஆனால் நம் கதைகளில் நாயகன் அந்தப் பாட்டின் இரண்டாம் சரணத்தை முழுசாகக் கேட்டுக் கண்ணீர் விடுகிறான்.

'எதிர்க்காற்று சத்தத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது' என்பதும் அடிக்கடி வரும் வாக்கியம். மணிக்கு 20 கிலோமீட்டர் காற்று என்றால் நொடிக்கு ஐந்தரை மீட்டர். 340 மீட்டர் ஓட்டத்தின் முன்னால் அது ஒன்றுமே இல்லை. உண்மையில் நடப்பது வேறு. தரையை ஒட்டிக் காற்று மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசுவதால், காற்றை எதிர்த்து வரும் ஓசை மேல்நோக்கி வளைந்து நம் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது. தெருவில் நிற்பவருக்குக் கேட்காதது மாடியில் வடாம் காயவைப்பவருக்குக் கேட்கலாம். இந்த ஒரு வசதியை வைத்தே ஒரு கதையை நடத்தலாம். இதுவரை யாரும் எனக்கு அனுப்பவில்லை.

இரவில் ஓசைகள் துலங்குவதற்கு ஊர் அடங்கிவிடுவது மட்டும் காரணமில்லை. பகலில் தரை சூடாக இருப்பதால் ஓசை மேலே வளைந்து தொலைகிறது. தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே உள்ளது வெதுவெதுப்பாக இருக்கும். ஓசை கீழ்நோக்கி வளைந்து நெடுந்தூரம் வரும். மார்கழி விடியலில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போகும் ரயில் நம் வீட்டுக் கொல்லையில் ஓடுவதுபோல் இருப்பது இதனால்தான். மதியம் அதே ரயில் போவதே தெரியாது. 'நிசப்தத்தைக் கிழித்துக்கொண்டு' என்று எழுத நினைக்கிறவர்கள், சில்வண்டு கத்தாத கிராமத்து இரவு எங்கே இருக்கிறது என்று முதலில் சொல்லட்டும்.

சொற்களைப் பற்றியும் சொல்லாமல் முடியாது. 'வாசனை', 'சத்தம்' என்ற இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். பச்சை மீனுக்குக் கவிச்சி, கெட்டுப்போன எண்ணெய்க்குக் காறல், மறுநாள் சாம்பாருக்கு ஊசல், அடுப்பில் விட்டு மறந்த பாலுக்குத் தீய்ந்த வாடை என்று வீட்டுக்குள்ளேயே எத்தனை இருக்கின்றன. நாற்றம் என்ற சொல் ஒரு காலத்தில் மணத்துக்கே பொதுப்பெயர். 27ஆம் குறள் ஐம்புலன்களை அடுக்கும்போது அதைத்தான் வைக்கிறது. இன்று அது கெட்டுவிட்டது, சரி. மீதி இருப்பதையாவது புழங்கலாம்.

நெடியை மட்டும் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். பக்கத்து வீட்டில் வரமிளகாய் வறுக்கிறார்கள். முதலில் வருவது தும்மல். பிறகு தொண்டையில் ஒரு கமறல், கண்ணோரம் ஈரம். அதன் பிறகுதான் "யார் வீட்டில் மிளகாய்?" என்ற கேள்வி. காரம் மணத்தை அறியும் நரம்பை விட்டுவிட்டு எரிச்சலை அறியும் நரம்பைப் பிடிக்கிறது. தமிழ் அதை மணத்தோடு சேர்க்காமல் நெடி என்று தனியாக வைத்திருப்பது மிகப் பொருத்தம். இந்த வரிசையை மாற்றி, "மிளகாய் நெடி வந்தது, அவள் தும்மினாள்" என்று எழுதினால் தும்மலில் உயிர் இருக்காது.

முதலில் சொன்ன மணியோசை வாக்கியத்தை எழுதி அனுப்பியவர்களில் ஒருவருக்கு, ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினேன்: 'காற்று எந்தப் பக்கத்திலிருந்து?' மூன்று வாரம் கழித்துப் பிரதி திரும்பி வந்தது. மணி காணாமல் போயிருந்தது, தென்றலும் இல்லை. ஒரு குறுகிய மாடிப்படி. அவள் இறங்கிப் போய்விட்டாள். அவன் பிறகு ஏறுகிறான். ஏழாவது படியில் மல்லிகை.