குழந்தைகளோடு காரில் கிளம்பும்போது: சாமான் அடுக்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடசென்னையின் தண்டையார்பேட்டையிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ குழந்தைகளோடு காரில் வெளியூர் கிளம்புகிற குடும்பத்துக்கு, பயணத்தின் தொடக்கமே பெரும்பாலும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில்தான் அமைகிறது. எண்ணூர் விரைவுச் சாலையிலும் மணலி பக்கத்திலும் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசைகட்டி நிற்கும்போது, நினைத்த இடத்தில் ஓரங்கட்டி, டிக்கியைத் திறந்து, பால் பாட்டிலைத் தேட முடியாது. அதனால் தேடும் வேலை, ஓடும் காருக்குள்ளேயே நடக்கிறது. பின்னிருக்கையில் குழந்தை அழ, ஓட்டுகிறவர் ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவுகிறார். 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி தலையைத் திருப்பினால், அதற்குள் கார் 33 மீட்டர் தாண்டிவிடும். ஓட்டுகிறவர் ஒருமுறைகூடத் திரும்ப வேண்டாதபடி பொருள்களை வைப்பதே காரை ஒழுங்குபடுத்துவதன் முதல் நோக்கம் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். கீழே சொல்லும் தவறுகள் பெரும்பாலும் இந்த நோக்கத்தை மறப்பதால் வருகின்றன.

மிகவும் பரவலான தவறு, பொருள்களை வகை வாரியாகப் பிரித்து அடுக்குவது. சாப்பாடு எல்லாம் ஒரு பையில், துணி எல்லாம் ஒரு பெட்டியில், மருந்து எல்லாம் ஒரு டப்பாவில் என்று வீட்டு அலமாரியைப் போல அடுக்கினால் பார்க்க ஒழுங்காகவே தெரியும். ஆனால் குழந்தை சட்டையில் பாலைக் கொட்டிக்கொண்டால், ஒரே ஒரு மாற்றுச் சட்டைக்காக அடியில் கிடக்கும் பெரிய பெட்டியைத் திறக்க வேண்டிவரும். எப்போது தேவைப்படும் என்பதை வைத்துப் பிரிப்பதே பயன் தரும். ஓடும் காரிலேயே தேவைப்படுபவை ஒரு பை: தண்ணீர், துடைக்கும் துணி, ஒரு மாற்று உடை, ஒரு டயப்பர், கொஞ்சம் தின்பண்டம். இந்தப் பை, பின்னிருக்கையில் குழந்தைக்குப் பக்கத்தில் உட்காரும் பெரியவரின் காலடியில் இருக்க வேண்டும். இறங்கியதும் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியவை இரண்டாவது பை. செவ்வாய்க்கிழமை சிறுவாபுரி முருகன் கோயிலுக்கும் ஆடி மாதம் பெரியபாளையத்துக்கும் போனவர்களுக்கு இதன் அருமை தெரியும். கூட்டத்தால் காரை எங்கோ தொலைவில் விட்டுவிட்டு, வெந்நீர் பிளாஸ்க்குக்காக யாராவது ஒருவர் வெயிலில் திரும்பி நடக்க நேரிடும். மற்றவை எல்லாம் டிக்கிக்கு. இதற்கென்று விலை கொடுத்துத் தடுப்புப் பைகள் வாங்கத் தேவையில்லை. வீட்டில் சேர்ந்திருக்கும் மஞ்சப்பைகளே போதும். எந்தப் பை எதற்கு என்பது காரில் இருக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் தெரிந்திருந்தால் சரி.

அடுத்த தவறு உயிரோடு தொடர்புடையது. பின்கண்ணாடியை ஒட்டிய தட்டில் குடை, பொம்மை, தண்ணீர் பாட்டில், டிபன் கேரியர் என்று எதையாவது வைப்பது வழக்கமாகிவிட்டது. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், கட்டாமல் கிடக்கும் ஒரு லிட்டர் பாட்டில் அதே வேகத்தோடு முன்னோக்கிப் பாயும். அதைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 14 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். அந்தத் தட்டுக்கு நேர் முன்னால் இருப்பது குழந்தையின் தலை. ஆகவே கனமான பொருள்கள் டிக்கியின் அடித்தளத்தில், பின்னிருக்கையின் முதுகோடு ஒட்டி இருக்க வேண்டும். இருக்கையின் உயரத்தைத் தாண்டி எதையும் அடுக்கக் கூடாது. ஓட்டுநரின் காலடியில் எதுவுமே இருக்கக் கூடாது. பின்னிருக்கையிலிருந்து உருண்டு வரும் ஒரு பந்தோ சிறிய பாட்டிலோ பிரேக் பெடலுக்கு அடியில் சிக்கினால், அழுத்தினாலும் பிரேக் பிடிக்காது. உருளும் விளையாட்டுப் பொருள்களை வீட்டிலேயே விட்டுவிட்டு, துணிப் பொம்மைகளை மட்டும் கொண்டுபோவது நல்லது.

சாமான் அதிகமாகும்போது முதலில் பறிபோவது குழந்தையின் இடம்தான். இருக்கையில் பை உட்கார்ந்துகொள்ள, குழந்தை பாட்டியின் மடிக்கு அல்லது முன்னிருக்கையில் அம்மாவின் மடிக்குப் போய்விடுகிறது. மோதலின்போது எவ்வளவு பாசமான கையாலும் குழந்தையைப் பிடித்து நிறுத்த முடியாது. முன்னிருக்கையிலோ, விரியும் காற்றுப்பையே (ஏர்பேக்) மடியில் இருக்கும் குழந்தையைத் தாக்கும். பின்நோக்கிய குழந்தை இருக்கையையும் காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் பொருத்தவே கூடாது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குக் குறைந்த குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் ஓட்டுநருக்கு 1,000 ரூபாய் அபராதம். எனவே முதலில் குழந்தைகளின் இடத்தை முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் இடத்துக்கு ஏற்ப சாமானைக் குறைக்க வேண்டும். சிஎன்ஜி சிலிண்டர் டிக்கியை அடைத்திருக்கும் கார்களில் இது இன்னும் அவசியம்.

வாந்திக்குத் தயாராகாமல் கிளம்புவதும் தவறே. கண் கைப்பேசித் திரையில் நிலைத்திருக்க, உட்செவி காரின் அசைவை உணர்வதால் வரும் குழப்பமே தலைசுற்றலுக்குக் காரணம். சுமார் 2 வயது முதல் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு இது அதிகம். திரையை இருக்கையின் முதுகில் மாட்டிக் கொடுப்பதைவிட, குழந்தை முன்கண்ணாடி வழியாகத் தொலைவைப் பார்க்கும்படி உட்காரவைப்பது உதவும். மூடியுள்ள அகலமான ஐஸ்கிரீம் டப்பா ஒன்றும் பழைய துண்டு ஒன்றும் முதல் பையிலேயே இருக்கட்டும். வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கெட்டி மிட்டாய் போன்றவற்றைச் சின்னக் குழந்தைகளுக்கு ஓடும் காரில் கொடுக்க வேண்டாம்; ஒரு குலுக்கலில் தொண்டையில் அடைத்துக்கொண்டால், ஓரங்கட்டக்கூட இடமிருக்காது.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஞாயிறு காலை காசிமேட்டில் மீன் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு டிக்கியில் வைத்துக்கொண்டு வருவோம். ஐஸ் தண்ணீர் ஒருமுறை விரிப்பில் கசிந்துவிட்டால், கடலோரத்து ஈரக்காற்றில் அது எளிதில் காய்வதில்லை. அடுத்த பயணத்தில் அந்த வாடையே குழந்தைக்குக் குமட்டலைக் கொண்டுவரும். பெட்டியை ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

ஸ்டெப்னியும் ஜாக்கியும் எல்லாச் சாமானுக்கும் அடியில் புதைந்திருப்பது, பஞ்சர் ஆகும் வரை யாருக்கும் உறைப்பதில்லை. அவற்றின் மேல் வரும் பொருள்கள், இரண்டு மூன்று பெட்டிகளாக எளிதில் இறக்கக்கூடியவையாக இருக்கட்டும். மருந்து, சானிட்டைசர், ஸ்பிரே டப்பா ஆகியவற்றை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போகக் கூடாது. பத்து நிமிடத்திலேயே உள்ளே வெப்பம் 10 டிகிரி வரை ஏறிவிடும்.

திரும்பி வந்த பிறகு, களைப்பில் சாமானைக் காருக்குள்ளேயே விட்டுவிடுவது கடைசித் தவறு. ஈரத்துணியும் மிச்ச உணவும் அன்றிரவே வெளியே வர வேண்டும். குறிப்பாக, குழந்தையின் பொம்மை ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் கார் வீட்டு வாசலிலோ தெருக்கோடியிலோதான் நிற்கிறது. விட்ட பொம்மையைத் தேடிப் பூட்டாத காருக்குள் ஏறும் குழந்தை, கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பின்கதவில் குழந்தைப் பூட்டு போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்கவே முடியாது. ஆகவே சாமானை இறக்கும்போதே இருக்கைகளுக்கு அடியிலும் ஒருமுறை பார்த்து, காரைப் பூட்டி, சாவியைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டிவிட வேண்டும்.